கறுப்பு வெள்ளை டீமும் ஒரு மண் கலயமும்

என் கண்ணுக்கு, உன் அப்பன் எழுதுவது.

நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. பத்து நாளைக்கு முன்னால் வீட்டுக்கு வந்தபோது உன் அம்மா வைத்த கோழிக் குழம்பை மூன்று தரம் ஊற்றிச் சாப்பிட்டதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். நலமாகத்தான் இருக்கிறாய். அடுத்த வெள்ளிக்கிழமை விமானம் ஏறிப் பிரேசில் போகிறாய். நம் கோயமுத்தூரில் செய்த நூற்பு மெஷினை சாவோ பாவ்லோ நகரத்துக்கு வெளியே ஒரு மில்லில் மாட்டி ஓட்டிக் காட்ட உன் கம்பெனி உன்னைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறது. இருபத்தைந்து வயதில் இந்த வேலை. எனக்கு அந்த வயதில் பீளமேட்டு மில்லில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற வேலை. இதை நான் மில் முழுக்கச் சொல்லி முடித்து, இப்போது சூலூர் பஸ் ஸ்டாண்டில் சொல்ல ஆரம்பித்திருக்கிறேன். உன் அம்மா அடக்கிப் பேசச் சொல்கிறாள். அடங்குகிற வயதா எனக்கு?

ஆனால் அன்றைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் ஒன்று சொன்னேன், நினைவிருக்கும். "நீ போற ஊருலதானடா நம்ம கறுப்பு வெள்ளை டீம் இருக்குது, ஒரு மேட்சாவது பாத்துட்டு வந்து சொல்லு" என்றேன். நீ தட்டைப் பார்த்துக்கொண்டே, "அந்த டீமைப் பத்தி என்கிட்ட இனிமேல் பேசாதீங்கப்பா" என்றாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கை கழுவ எழுந்து போய்விட்டாய். அந்த வார்த்தைக்குக் காரணம் நான். உனக்கு அது தெரியாது. மூன்று வருஷமாக நீ வேறு ஆட்கள் மேல் வைத்திருக்கிற வருத்தம் என் மேல் வைக்க வேண்டியது. நேரில் சொல்ல இரண்டு தரம் வாயைத் திறந்தேன், இரண்டு தரமும் மழையைப் பற்றிப் பேசிவிட்டேன். அதனால் இந்தக் கடிதம். முழுதாகப் படி. நடுவில் கிழித்துப் போட்டால் பின்பாதியில் இருக்கிற நல்ல செய்தி உனக்குக் கிடைக்காது.

முதலில் அந்த டீமைப் பற்றி. பேசாதே என்றாய், எழுதாதே என்று சொல்லவில்லை. நம் மாதா கோயிலுக்கு அந்தப் பங்குச் சாமியார் மாற்றலாகி வந்தபோது நீ பிளஸ் டூ முடித்திருந்தாய். பிரேசிலில் பல வருஷம் ஊழியம் செய்துவிட்டு வந்தவர். பெட்டியைத் திறந்தால் நாலு அங்கி, இரண்டு புத்தகம், ஒரு பழைய வெள்ளைப் பனியன், கறுப்பு டவுசர். அதுதான் அந்தக் கிளப்பின் சீருடை. கிளப்பின் பெயரைச் சாமியார் எத்தனையோ முறை சொல்லிக் கொடுத்தும் என் நாக்கு அதற்கு வளையவில்லை. கறுப்பு வெள்ளை டீம் என்று நானே பெயர் வைத்தேன், ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. அந்தக் காலத்தில் அங்கே கால்பந்து துரைமார் விளையாட்டாம். அதை ரயில்வேயில் கூலி வேலை பார்த்த ஐந்து பேர் சேர்ந்து, நாமும் ஆடுவோம் என்று கிளப்பாக ஆரம்பித்தார்கள். முதல் தலைவர் ஒரு தையல்காரர். பந்து வாங்கத் தெருவில் வசூல். ஆட இடம் இல்லை, விறகுக்காரர் ஒருவரின் காலிமனையை ஆட்டக்காரர்களே வெட்டிக் கொத்திச் சமன் செய்தார்கள். நாலைந்து வருஷத்துக்குள் அந்த மாநிலத்துக்கே சாம்பியன். சாமியார் இதைச் சொன்னபோது விசைத்தறி ஓட்டுகிற பையன்களும் மில்காரர்களுமாக நாம் பதினைந்து பேர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டோம். நம் டீம் அன்றைக்கே பிறந்துவிட்டது. அடுத்த வாரமே கோயிலுக்குப் பின்னால் இருந்த சீமைக் கருவேலத்தை வெட்டி மைதானம் ஆக்கினோம். உன் உள்ளங்கையில் முள் ஏறிப் பழுத்து, ஊசியால் எடுத்தது நான்தான்.

சாமியார் வெற்றியை மட்டும் சொன்னவர் இல்லை. அந்தக் கிளப் ஒரு காலத்தில் இருபத்து மூன்று வருஷம் பெரிய கோப்பை எதையும் தொடவே இல்லை. ஒரு பையன் பிறந்து, வளர்ந்து, கல்யாணம் கட்டுகிற வயசு வரைக்கும் தோல்விதான். நம் ஊராக இருந்தால் கோடாங்கியிடம் போயிருப்பார்கள். அங்கே நடந்தது வேறு. தோற்கத் தோற்கக் கூட்டம் கூடிக்கொண்டே போனது. ஒரு முறை ரியோ நகரத்தில் ஆட்டம் என்றதும், ஆயிரக்கணக்கான பேர் பஸ்ஸிலும் காரிலும் கிளம்பிப் போய், அடுத்தவன் மைதானத்தில் பாதியை நிரப்பிவிட்டார்களாம். அப்புறம் ஒரு நாள் அந்த இருபத்து மூன்று வருஷமும் ஒரு நிமிஷத்தில் முடிந்தது. ஒருவன் அடித்த பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இன்னொருவன் தலையால் முட்டினான், கோட்டுக்கு முன்னால் நின்றவன் தடுத்துவிட்டான். திரும்பி வந்த பந்தை மூன்றாவது ஆள் உதைத்தான், அது உள்ளே போனது. நம் ஊர் ஆட்களுக்கு இதில் ரொம்பப் பிடித்தது, அந்த மூன்றாவது ஆள் அங்கேயே நின்றுகொண்டிருந்தான் என்பதுதான். நீ அங்கே மெஷின் மாட்டும்போது இரண்டு தரம் நூல் அறுந்தால் மூன்றாம் தரத்துக்கு நீயும் அங்கேயே நிற்க வேண்டும். இதற்கு மேல் வேலையைப் பற்றி உனக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. என்னைவிட நீ கெட்டிக்காரன்.

அந்தத் தோல்விக் காலத்தில் அந்தக் கிளப் ஒரு பெரிய தப்பும் செய்தது. ஒரு இறுதிப் போட்டியில் தோற்றதும், இருந்ததிலேயே சிறந்த ஆட்டக்காரன் மேல் பழியைப் போட்டார்கள். அவன் மனம் நொந்து வேறு கிளப்புக்குப் போய்விட்டான். பதினொரு பேர் ஆடித் தோற்றதற்கு ஒருவன் தலையில் சுமை. சாமியார் இதைச் சொன்னபோது, "அடப் பாவிகளா" என்று முதலில் கத்தியவன் நான். இந்தக் கத்தலை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வரும்.

இப்போது ஓட்டு விஷயத்துக்கு வருகிறேன். அந்த நாட்டில் பட்டாள ஆட்சி நடந்த காலத்தில், ஜனங்களுக்கு ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கிற ஓட்டு இல்லாதபோது, இந்தக் கிளப்புக்குள் மட்டும் எல்லாவற்றுக்கும் ஓட்டு வைத்தார்கள். எத்தனை மணிக்குப் பயிற்சி, வெளியூருக்கு எப்போது கிளம்புவது, யாரைப் புதிதாக எடுப்பது, எல்லாம் ஓட்டு. நாடே கொண்டாடுகிற ஆட்டக்காரனுக்கு ஒரு ஓட்டு, துணிமணி எடுத்து வைக்கிறவனுக்கும் ஒரு ஓட்டு. அப்படி ஆடிய காலத்தில் தொடர்ந்து இரண்டு முறை மாநிலக் கோப்பையையும் அடித்தார்கள். இதைக் கேட்ட அன்று ராத்திரி முழுக்க எனக்கு என் அப்பா நினைப்புத்தான். உன் தாத்தா தாராபுரம் பக்கம் ஒரு பண்ணையில் ஆயுசுக்கும் கூலி வேலை பார்த்தவர். எந்தக் காட்டில் எதை விதைத்தால் வரும் என்று மண்ணை மோந்தே சொல்லுவார். ஆனால் அவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. களத்து ஓரத்தில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பார், மற்றவர்கள் முடிவு செய்வார்கள். சின்ன வயசில் அதைப் பார்த்து எனக்கு வயிறு எரியும். அதனால்தான் நம் டீமிலும் ஓட்டு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். நீங்கள் எல்லாரும் சேர்ந்து என்னையே செயலாளர் ஆக்கினீர்கள்.

கலயம் உன் கூட்டாளி செல்வத்தின் வீட்டில் இருந்து வந்தது. வாய் சிறுத்த பழைய மண் கலயம். ஆளுக்கு ஒரு வெள்ளை மொச்சை, ஒரு புளியங்கொட்டை. சரி என்றால் மொச்சை, வேண்டாம் என்றால் புளியங்கொட்டை. கையை மூடி ஒன்றைக் கலயத்தில் போட வேண்டும், மிச்சத்தை யாரும் பார்க்காமல் ஒரு தகர டப்பாவில் போட வேண்டும். கறுப்பும் வெள்ளையும் டீமின் நிறத்துக்கே பொருந்திப் போனதில் நமக்கு ஒரே குஷி. கோடு போடச் சுண்ணாம்பு கரைக்கிறவருக்கும் ஓட்டு, கோல் அடிக்கிற உனக்கும் ஓட்டு. நான் மட்டும் கலயத்தையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு சாமியார் அறைக்குள் தனியாகப் போய் எண்ணிவிட்டு வந்து சொல்லுவேன். என்னை யாரும் சந்தேகப்பட்டதில்லை. கூட ஒருவர் வந்து எண்ணட்டும் என்று சாமியார் ஒரு தரம் சொன்னார். "என் மேல நம்பிக்கை இல்லீங்களா சாமி?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவர் விட்டுவிட்டார்.

நீ கல்லூரிக் கடைசி வருஷம். தாராபுரத்தில் இறுதிப் போட்டி, சனிக்கிழமை மத்தியானம். அதே சனிக்கிழமை காலையில் பீளமேட்டில் உனக்கு வேலைக்கு இன்டர்வியூ. "பதினோரு மணிக்கு முடிச்சுட்டு பஸ் புடிச்சு வந்தர்றேன்" என்று நீ அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. இன்டர்வியூ இழுக்கும், நீ பாதியில் எழுந்து ஓடி வருவாய் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். உன் சுபாவம் அப்படி. உன்னை உட்கார வைத்து, "கண்ணு, இந்த ஒரு மேட்ச் போகட்டும்" என்று கேட்டிருக்கலாம். நீ மாட்டேன் என்றால் என்ன செய்வது என்று பயந்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் பதினொரு பேரைத் தேர்ந்தெடுக்க ஓட்டு. உன் பெயருக்குக் கலயம் சுற்றி வந்தது. நான் அறைக்குள் கொண்டுபோய்க் கவிழ்த்தேன். பதினான்கு மொச்சை இருந்தது கண்ணு. ஒரே ஒரு புளியங்கொட்டை. அந்த ஒன்று என்னுடையது.

நீ ஆட வேண்டும் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். நீ இல்லாவிட்டால் உன் இடத்தில் ஆட வேண்டிய செல்வமும் மொச்சைதான் போட்டிருக்கிறான். நான் எட்டு மொச்சையை எடுத்துத் தகர டப்பாவில் போட்டேன், டப்பாவிலிருந்து எட்டுப் புளியங்கொட்டையை எடுத்துக் கலயத்தில் போட்டேன். வெளியே வந்து, "ஆறு வெள்ளை, ஒம்போது கறுப்பு" என்றேன். குரல் நடுங்கக்கூட இல்லை. வேலியே பயிரை மேய்ந்தது. நீ செல்வத்தைத் திரும்பிப் பார்த்தாய். அவன் ஒன்றும் புரியாமல் தலை குனிந்தான். அவன் குனிந்ததை நீ குற்றம் என்று எடுத்துக்கொண்டாய். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. தாராபுரத்தில் ஆட்டம் சமனாகி, பெனால்டியில் போய், கடைசிப் பந்தைச் செல்வம் வெளியே உதைத்தான். உன்னை ஓரம் கட்டிய பாவம் என்று ஊரில் அவனைப் பேசினார்கள். அங்கே எவனோ ஒருவன் மேல் பழி போட்டதற்கு "அடப் பாவிகளா" என்று கத்தினேனே, என் கண் முன்னால் செல்வத்தின் மேல் போட்டபோது கேட்டுக்கொண்டு நின்றேன்.

உனக்கு அந்த வேலை கிடைத்தது. நீ இன்டர்வியூவுக்குப் போனதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை, ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த வேலையைக் காட்டியே இத்தனை நாள் என் மனசை நானே ஏமாற்றிக்கொண்டேன். நல்லதுக்குத்தானே செய்தோம் என்பேன். ஆனால் நீ பந்தைத் தொடுவதை விட்டாய். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மைதானத்துப் பக்கம் திரும்பாமல் பஸ் ஏறினாய். போன வருஷம் செல்வத்தின் கல்யாணத்துக்கு, ஷிப்ட் இருக்கிறது என்று பொய் சொல்லி வராமல் இருந்தாய். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நீங்கள். உன் தாத்தாவை யாரும் கேட்கவில்லை என்று எரிந்தவன், பதினான்கு பேரைக் கேட்டுவிட்டு அவர்கள் சொன்னதை டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். பண்ணைக்காரர் பரவாயில்லை, அவர் கேட்பது போல நடிக்கவாவது இல்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

நீ அன்றைக்குத் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்ன பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் டீம் ஆட்களை மைதானத்தில் நிற்க வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி மழையைப் பற்றிப் பேசிவிடுவேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். செல்வம்தான் முதலில் கேட்டான்.

"ஏனுங் மாமா, நெசமாலுமே எட்டுக் கொட்டைய மாத்திப்போட்டீங்களா?"

"மாத்திப்போட்டேன்டா செல்வம்."

"அப்ப அவனுக்கு நானுந்தான் கறுப்புப் போட்டேன்னு அவன் நெனச்சுட்டிருக்கறானுங்களா? அதுக்குத்தான் என்ற கல்யாணத்துக்கு வரலீங்களா?"

ஆமாம் என்றேன். அவன் கையில் இருந்த பந்தைக் கீழே வைத்தான். அப்புறம், "நான் மூணு வருசமா அந்தப் பெனால்டிக்குத்தான் அவன் பேசறதில்லைன்னு நெனச்சுட்டிருந்தேனுங்க" என்றான். அவ்வளவுதான் சொன்னான். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சுண்ணாம்புக்காரர்தான், "பெரிய மனுசன் பண்ற வேலைங்களா இது? செயலாளரா இவரு இருக்கலாமா வேண்டாமான்னு ஓட்டு வைங்கப்பா" என்று சத்தம் போட்டார். அது நியாயம் என்று நானே கலயத்தை எடுத்துக் கொடுத்தேன். ஒருவர் பின் ஒருவராகப் போட்டார்கள். எனக்கும் ஓட்டு உண்டு என்றார்கள், நானும் போட்டேன். எதைப் போட்டேன் என்பது விதிப்படி ரகசியம், ஆனாலும் உனக்குச் சொல்கிறேன், புளியங்கொட்டை. செல்வம் எண்ணுவதற்காகக் கலயத்தைக் கையில் வாங்கினான். கவிழ்க்கப் போனவன் நிறுத்திவிட்டான்.

"பதினாலுதானுங்க விழுந்திருக்குது. இன்னொரு ஓட்டு பாக்கி இருக்குதுங்க" என்றான்.

யாருடையது என்று நான் கேட்டேன். டீம் நோட்டைக் கொண்டுவரச் சொல்லி விரித்துக் காட்டினான். மூன்று வருஷமாக நீ ஒரு நாள்கூடப் பயிற்சிக்கு வரவில்லை. ஆனால் ஒவ்வொரு வருஷமும் புது நோட்டுப் போடும்போது செல்வம் உன் பெயரையும் எழுதி வந்திருக்கிறான். செயலாளரான நான் கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறேன், கவனித்துப் படித்ததில்லை. "அவம் பேரை யாரும் அடிக்கலீங்களே மாமா. அவன் வந்து போடாம எண்ணக் கூடாதுங்க" என்றான். அந்த மைதானத்திலேயே, அத்தனை பேர் முன்னால், அழுதுவிட்டேன். உன் அம்மாவிடம் யாரோ சொல்லிவிட்டார்கள், அவள் இன்னும் கிண்டல் செய்துகொண்டிருக்கிறாள்.

நீ போகிற இடத்தில் உனக்குக் கீழே நாலு பேர் வேலை பார்ப்பார்கள். மெஷின் முன்னால் நிற்கும்போது பஞ்சு கூட்டுகிறவரையும் ஒரு வார்த்தை கேள். எங்கள் மில்லில் நூல் நூற்கிற ரிங் பிரேமின் சத்தம் மாறியிருக்கிறது என்று முதலில் சொன்னது கூட்டுகிற அம்மணிதான், பிட்டர்கள் நாங்கள் சிரித்தோம், மறு வாரம் கியர் உடைந்தது. ஆனால் கேட்டுவிட்டு உனக்குப் பிடித்த மாதிரி பதிலை மாற்றிக்கொள்ளாதே. கேட்காமல் இருப்பதைவிட அது மோசம். நம் பழைய சாமியார் கிறிஸ்துமஸுக்கு எழுதியிருந்தார், கறுப்பு வெள்ளை டீம் இந்த டிசம்பரில் அந்த நாட்டுக்கே மறுபடியும் சாம்பியன் ஆகிவிட்டதாம். விறகுக்காரர் மனையில் ஆரம்பித்தவர்கள். நீ கட்டாயம் போய் ஒரு மேட்ச் பார்க்கத்தான் போகிறாய், எனக்குச் சந்தேகமே இல்லை. பார்த்துவிட்டு எனக்கு எழுதாவிட்டாலும் செல்வத்துக்கு எழுது.

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் பொட்டலம் வைத்திருக்கிறேன். ஒரு மொச்சை, ஒரு புளியங்கொட்டை. கலயம் செல்வத்தின் வீட்டில், தறிக் குடோனை ஒட்டிய முன் அறையில், வாயில் துணி கட்டி இருக்கிறது. நீ ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொள்ள வரும்போது சூலூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக நம் வீட்டுக்கு வராதே. முதலில் அங்கே போ. எதை வேண்டுமானாலும் போடு, கறுப்பைப் போட்டாலும் உன் அப்பன் உன் அப்பன்தான். இந்தத் தரம் எண்ணப் போவது நான் இல்லை, நீங்கள் இரண்டு பேரும். எண்ணி முடித்ததும் அவனையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வா. இரண்டு பேருக்கும் சேர்த்தே உலை வைக்கச் சொல்லிவிட்டேன்.

உன் அப்பன்